அம்மா நசுக்குற புழுவும் ஏற்காட்டு போட்டோவும்

அண்ணா வணக்கம்,

நான் சேலம் சிவதாபுரம்ங்க, கொலுசு பட்டறையில வேலை. போன வருசம் சித்தப்பா பையன்கிட்ட ஒரு பழைய கேமரா வாங்குனேன், கூட 18-55, 55-250னு ரெண்டு லென்ஸ். பட்டாம்பூச்சி எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. மூணு ஞாயித்துக்கிழமை ஏற்காடு போயிட்டு வந்தாச்சு. லேடீஸ் சீட், ரோஸ் கார்டன், ஏரின்னு சுத்துனதுல பெட்ரோல் போனதுதான் மிச்சம். பின்னாடியே ஓடுறேன், கிட்ட போனதும் பறந்துடுது. இருநூறு போட்டோவுல ஒண்ணுதான் தேறுச்சு, சிவப்புடல் அழகி, இதோட அனுப்பியிருக்கேன், அதுவும் லேசா ஷேக். சின்னத பெருசா காட்டற மேக்ரோ லென்ஸ் ஒண்ணு இஎம்ஐ-ல எடுக்கலாமான்னு யோசிக்கிறேன். அம்மா திட்டுது, "இங்க தொட்டியில இருக்கற கருவேப்பிலைய புழு தின்னு தீக்குது, தெனமும் நான் நசுக்கிட்டு கெடக்கேன், நீ பூச்சி பாக்க மலைக்கு போறியா"ன்னு. ஏற்காட்டுல எந்த எடத்துல நெறைய கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்கண்ணா.

கா., சிவதாபுரம்

தம்பி,

மொதல்ல அந்த போட்டோ. அது சிவப்புடல் அழகி இல்லைங்க. றெக்கைய மட்டும் பாத்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க, முன்றெக்கையில வெள்ளைப் பட்டை, பின்றெக்கையில செவப்பு பொட்டு, எல்லாம் பொருந்துது. கொஞ்சம் பெருசு பண்ணி உடம்ப பாருங்க. கருப்பு. சிவப்புடல்னு பேருலயே வச்சிருக்காங்களே, அசலா இருந்தா தலையும் உடம்பும் ரத்தச் செவப்பா இருக்கணும். உங்களுது கறிவேப்பிலை அழகி, இங்கிலீஷ்ல காமன் மார்மன்பாங்க, அதுல பொம்பள.

இது ஏன் இப்படி வேஷம் போடுதுன்னு கேட்டா, சிவப்புடல் அழகியோட புழு ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை மாதிரி செடிங்களத் தின்னுதான் வளருது, ஆடே வாய வைக்காத செடின்னு பேரே சொல்லிடுது பாருங்க, அந்த விஷம் பூச்சியா மாறுன பின்னாடியும் உடம்புல தங்கிடும், குருவி ஒருவாட்டி கொத்திட்டா அப்புறம் அந்த கலர் பக்கமே வராது. நம்ம கறிவேப்பிலை அழகி தின்னு வளந்தது கருவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை. நாம ரசத்துல போடுறத தின்னு வளந்த பூச்சிக்கு விஷம் எங்கருந்து வரும்? அதனால டிரெஸ்ஸ மட்டும் கடன் வாங்கிக்கிச்சு. இதுல ஆம்பளைங்க யாரும் வேஷம் கட்டறதில்ல, கருப்புல ஒரு வரிசை வெள்ளைப் புள்ளியோட சாதாரணமா திரியும். பொம்பளைங்கதான் மூணு விதம், சிலது ஆம்பள மாதிரியே இருக்கும், சிலது காமன் ரோஸ்னு இன்னொரு விஷப் பட்டாம்பூச்சி மாதிரி, சிலது உங்க போட்டோவுல இருக்கறாப்ல. எனக்கு இத யாரும் சொல்லித் தரல, ரெண்டு வருசம் எல்லாத்துக்கும் சிவப்புடல் அழகின்னு எழுதி ஃபோல்டர் ஃபோல்டரா சேத்து வச்சிருந்தேன், அப்புறம் ஒருநாள் உக்காந்து அத்தனையும் பேர் மாத்துனேன். அதனால உங்க ஷேக் ஆன போட்டோவ அழிச்சிடாதீங்க. உடம்பு கலர் தெரியுது, அது போதும். பேக்ரவுண்டு பளபளன்னு இருந்து உடம்பு மறைஞ்சுபோன போட்டோவ விட இது ஒசத்தின்னுதான் நான் சொல்லுவேன், போட்டோ குரூப்ல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க.

இப்ப அம்மா விஷயத்துக்கு வர்றேன். அம்மா தெனமும் நசுக்குற புழு எதுன்னு நெனைக்கிறீங்க? கருவேப்பிலையில இருந்தா அனேகமா இதேதான். நீங்க மூணு ஞாயித்துக்கிழமை பெட்ரோல் போட்டு தொரத்துன பூச்சி உங்க வீட்டுத் தொட்டியிலயே பொறந்து உங்க வீட்டுச் செருப்புலயே செத்துட்டு இருக்கு. சின்னப் புழு பாக்க காக்கா எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா எலை மேல ஒட்டிட்டு கெடக்கும், யாரும் தொடமாட்டாங்கன்னு அதுக்கு தைரியம். கடைசியா தோல் உரிச்சதும் பச்சையா மாறிடும், தொட்டா தலைக்குப் பின்னாடி செவப்பா ரெண்டு கொம்பு நீட்டும், ஒரு மாதிரி நாறும், அம்மாகிட்ட கேளுங்க, கண்டிப்பா பாத்திருக்கும். முட்டை பொரிஞ்சதுல இருந்து ரெண்டு வாரத்துக்கு மேல தின்னும், அப்புறம் ஒரு குச்சியில நூலால இடுப்பக் கட்டிக்கிட்டு கூட்டுப்புழுவா ஆயிடும், சுமாரா பத்து நாள். கூடு கருத்து உள்ள றெக்கை கலர் தெரிய ஆரம்பிச்சா மறுநாள் காலையில பட்டறைக்கு லேட்டுன்னு சொல்லி வச்சிடுங்க. வெளிய வந்ததும் றெக்கை காயுற வரைக்கும் எங்கயும் போகாது, உங்களுக்கு ஏகப்பட்ட நேரம் கெடைக்கும். சில கூட்டுல பூச்சிக்கு பதிலா அத உள்ளயே தின்னு வளந்த குளவி வரும், அதுக்கு மனசு விட்ராதீங்க, அதுவும் ஒரு கதைதான்.

பின்னாடி ஓடுறது பத்தி. ஓடாதீங்க. பட்டாம்பூச்சிக்கு நீங்க யாருன்னு தெரியாது, ஆனா அசைவு தெரியும், மேல விழுற நெழலும் தெரியும். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்து உங்க நெழல் அது மேல விழுந்துச்சோ, கதை முடிஞ்சுது. குனிஞ்சு, பக்கவாட்டுல, அது தேன் குடிக்கிறப்ப ஒரு அடி, நிறுத்தினா நீங்களும் நிறுத்தணும். கொலுசுல மணி பத்த வைக்கிற கை உங்களுது, அந்தப் பொறுமை உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா. முட்டி போடறதுக்கு முன்னாடி தரைய பாத்துக்கோங்க, ஒருதடவ மூக்கனேரி கரையில நான் நெருஞ்சி முள்ளு மேல அப்படியே முட்டி போட்டு கத்துன கத்துல பூச்சி மட்டுமில்ல, கொக்கும் பறந்துடுச்சு.

நேரமும் முக்கியம். நீங்க போயி சேரும்போது பதினொன்னு ஆயிருக்கும்னு நெனைக்கிறேன், கூட்டமும் அப்பதான். பூச்சிக்கு உடம்பு சூடேறுனாதான் பறக்க முடியும், ஏற்காட்டு குளிருல அது காலையில வெயில் விழுற பக்கத்துல றெக்கைய விரிச்சு வச்சு காஞ்சிட்டு இருக்கும். எட்டு மணியில இருந்து பத்து மணிக்குள்ள அத புடிச்சா விரிச்ச றெக்கை கெடைக்கும், அதுக்கப்புறம் நாள் பூரா நிக்காது.

எடம் கேட்டீங்க. ரோஸ் கார்டன்ல எல்லாம் அழகுக்கு வச்ச பூ, அந்த இதழ் அடுக்குக்குள்ள தேன் தேடறதுக்குள்ள அதுக்கு விடிஞ்சிடும். ரோட்டோரத்துல முளைச்ச உண்ணிச்செடியும் வெட்டுக்காயப் பூண்டும் அத விட மேல். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கற மெயின் ரோட்ட விட்டுட்டு குப்பனூர் ரோட்டுல ஏறுங்க, வண்டி கம்மி. மழை பேஞ்சு ரெண்டு நாள் கழிச்சு ஓரத்துல ஈரமண்ணு கசியுற எடம் இருந்தா வண்டிய தள்ளி நிறுத்திட்டு உக்காந்துடுங்க, கும்பலா வந்து மண்ண உறிஞ்சும், பெரும்பாலும் ஆம்பளைங்க, பூவுல கெடைக்காத உப்புக்காக, அந்த உப்பு அப்புறம் பொம்பளைக்கும் முட்டைக்கும் போகுது. உறிஞ்ச ஆரம்பிச்சிட்டா பக்கத்துல போறது தெரியாது. காப்பித் தோட்டத்துக்குள்ள நெழல்ல மங்கலான பழுப்பு பூச்சிங்கதான் அதிகம், கலர் வேணும்னா தோட்டத்து ஓரம், வெயிலும் நெழலும் சேருற எடம். எஸ்டேட்டுக்குள்ள கேக்காம போகாதீங்க, ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள எறங்கவே எறங்காதீங்க, ரோட்டுல இருந்தே வேண்டியது கெடைக்கும்.

இன்னொண்ணு, வடகிழக்கு மழை சமயத்துல, அக்டோபர் நவம்பர் வாக்குல, நீல வரியன் பட்டாம்பூச்சிங்க கூட்டம் கூட்டமா இந்த கிழக்கு மலைங்கள்ல இருந்து மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போகும். அப்ப வாடிப்போன கிலுகிலுப்பை செடி, தேள்கொடுக்கு எங்க இருக்குன்னு தேடுங்க. பூவே இருக்காது, காஞ்ச குச்சிதான், அதுல பழம் தொங்குற மாதிரி தொங்கும். அதுல இருக்கற ஒரு கசப்பு ஆம்பளைக்கு பொம்பளைய மயக்கற வாசனை செய்ய வேணும். மொதல் தடவ அத பாத்தப்ப நான் கேமராவ ஆன் பண்ணவே மறந்துட்டேன்.

ஆனா நெசமா கேட்டா உங்களுக்கு ஏற்காட விட கஞ்சமலை கிட்ட. சித்தர் கோவில் பக்கம் எருக்கஞ்செடி இருக்கற எடத்துல நில்லுங்க, வெந்தய வரியன் வரும், மெதுவாத்தான் பறக்கும், பழக அத விட நல்ல பூச்சி கெடையாது. பட்டாம்பூச்சி எங்க இருக்குன்னு தேடாம அதோட செடி எங்க இருக்குன்னு தேடுறவனுக்கு ஊரே தோட்டம்தான்.

லென்ஸ்: வாங்காதீங்க. 55-250 கையில இருக்கறப்ப எதுக்கு கடன். அத 250-ல வச்சு ஒரு மீட்டர் சுத்துல நின்னீங்கன்னா றெக்கை ஃபிரேம நெறைக்கும், நீங்க தள்ளி நிக்கறதால பூச்சியும் பயப்படாது. 100 மேக்ரோன்னா இன்னும் கிட்ட போகணும், கிட்ட போறதுதான இப்ப உங்க பிரச்சினையே. அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் ஸ்பீடு 1/500-க்கு கீழ போக வேண்டாம், கறிவேப்பிலை அழகி மாதிரி பூவுல உக்காந்துட்டே றெக்கைய அடிக்கிறதுக்கு 1/1000 வைங்க. கேமராவ றெக்கைக்கு நேரா புடிங்க, சாஞ்சா பாதி றெக்கை மங்கிடும். மேல் பக்கம் ஒண்ணு, மூடுன பக்கம் ஒண்ணு, ரெண்டும் இருந்தா பேரு சொல்லிடலாம். சிலபேரு பூச்சிய ஃபிரிட்ஜுல வச்சு மயங்க வச்சு எடுக்கறாங்கன்னு கேள்விப்படுவீங்க, அந்த மாதிரி போட்டோவ எனக்கு அனுப்பிடாதீங்க.

அம்மாகிட்ட இன்னிக்கே பேசி ஒரு தொட்டிய மட்டும் புழுவுக்குன்னு விட்டுடச் சொல்லுங்க. தாளிக்க கருவேப்பிலை உழவர் சந்தையில காய் வாங்குனா சும்மாவே குடுப்பாங்க.