சுவரில் உப்புப் பூத்தால் டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீடு. 2018-ல் கட்டியது. செங்கல் சுவர், தரை மட்டத்தில் சுவருக்கு அடியில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை, அதாவது பெல்ட் கான்கிரீட் போட்டிருக்கிறோம். மூன்று வருடமாக முன் அறையிலும் படுக்கையறையிலும் சுவரின் அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயின்ட் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து உதிர்கிறது. மழைக்காலத்தில் தொட்டால் கை நனைகிறது. கடல் தண்ணீர் வீட்டுக்கு அடியில் வந்துவிட்டதா, வீட்டுக்கு ஆபத்தா என்று பயமாக இருக்கிறது. பெயின்டர் நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். ஊருக்கு வந்த கெமிக்கல் ஏஜென்ட் ஒருவர் செங்கல்லில் மருந்து தடவிச் சோதனை காட்டினார். அவருக்கு 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், அம்மா. பூச்சு உதிர்வதால் வீடு விழாது. ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். கான்கிரீட் தூண்களின் அடியில் துருக்கறை தெரிகிறதா, கம்பி போகிற வாக்கில் நெட்டுக்க விரிசல் ஓடுகிறதா? அப்படி இருந்தால் பெயின்டரையும் கெமிக்கல்காரரையும் விட்டுவிட்டு ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் இது ஓதம்தான், அதாவது மண்ணின் ஈரம் சுவரில் ஏறுவது. தொல்லை உண்டு, ஆபத்து இல்லை.

கடல் வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அது வர வேண்டிய அவசியமே இல்லை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று நம் கரை நெடுக மணலுக்குள் எப்போதும் ஈரம் இருக்கிறது, பல இடத்தில் அது கரிப்பாகவும் இருக்கிறது. செங்கல்லுக்கும் சிமென்ட் பூச்சுக்கும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல அந்தத் துளைகள் தண்ணீரை இழுக்கின்றன. கீழே இருந்து யாரும் தள்ளவில்லை. தண்ணீருக்குச் செங்கல்லோடு ஒட்டிக்கொள்ளும் குணம் இருக்கிறது. அதன் மேற்பரப்பு ஒரு இழுவிசையோடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து தண்ணீரைத் தூக்கிவிடுகின்றன. அந்த இழுவிசையைத்தான் பரப்பு இழுவிசை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1718-லேயே இதைச் சொல்லிவிட்டார். சுத்தமான கண்ணாடிக் குழாயின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் தண்ணீர் ஒன்றரை சென்டிமீட்டர்தான் ஏறும். ஆரத்தை நூறில் ஒரு பங்காக்கினால் ஒன்றரை மீட்டர். செங்கல்லில் அதைவிடக் குறுகலான துளைகளும் இருக்கின்றன. அதனால் இடுப்பு உயரம் என்பது அதிசயமில்லை.

‘உப்புத் தண்ணீர் என்பதால்தான் இவ்வளவு ஏறுகிறது’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். தவறு. கடல்நீரின் இழுவிசை நல்ல தண்ணீரைவிட நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடுதல், எடையோ நூற்றில் இரண்டரை பங்கு கூடுதல். ஆக உப்புத் தண்ணீர் கூடுதலாக ஏறுவதில்லை. ஏறிய பிறகு அது விட்டுவிட்டுப் போவதில்தான் வினை.

தண்ணீர் ஏறி, சுவர் முகத்துக்கு வந்து, ஆவியாகிப் போய்விடும். உப்பு ஆவியாகாது. சுவர் முகத்திலும், பூச்சுக்குள் ஒரு நூல் ஆழத்திலும் தங்கி, படிகமாகத் தடித்து, துளையை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பெயின்ட் பொரிவது இதனால்தான். இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் அந்த அளவு ஈரம் ரொம்ப சகஜம், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். நீங்கள் தொடும்போது கை நனைகிறதே, அதில் ஒரு பங்கு தரையிலிருந்து வந்ததே இல்லை. ஏற்கெனவே பூச்சில் தங்கிய உப்பு காற்றிலிருந்து குடித்தது. அதனால்தான் உப்பேறிய பூச்சை வைத்துக்கொண்டு அதன் மேல் எதைப் பூசினாலும் வீண்.

இப்போது டைல்ஸ். சுவரில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கும் என்பதைத் துளை மட்டும் தீர்மானிப்பதில்லை. கீழே இருந்து ஏறுகிற அளவும் சுவர் முகத்தில் ஆவியாகிற அளவும் எங்கே சரிக்கட்டுகிறதோ அங்கே நிற்கும். உங்கள் வீட்டில் அது இடுப்பு உயரம். நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஆவியாகும் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். ஏறுவது நிற்காது. டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, நான்கடிக்கு மேலே தலைகாட்டும். அப்புறம் பெயின்டர் ஆறடிக்கு ஒட்டலாம் என்பார். நம் பக்கத்தில் கூடத்துச் சுவரெல்லாம் சமையலறைச் சுவர் மாதிரி பளபளத்து, ஜன்னலுக்கு மேலே உப்புப் பூத்து நிற்கிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன். பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பதும் இதே கதைதான், என்ன, கொஞ்சம் மலிவு.

அந்த ஏஜென்ட் காட்டிய சோதனையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். செங்கல்லின் பாதியில் மருந்து தடவுவார். காய்ந்ததும் இரண்டு பாதியிலும் தண்ணீர் தெளிப்பார். தடவாத பக்கம் உறிஞ்சிக்கொள்ளும், தடவிய பக்கம் முத்து முத்தாக நிற்கும், சாய்த்தால் உருண்டு ஓடும். பார்க்கிறவர் வாய் பிளப்பார், அந்த நேரத்தில் ரசீதுப் புத்தகம் வெளியே வரும். இது மோசடி என்று சொல்ல மாட்டேன், அந்த மருந்து செய்வதும் உண்மைதான். சிலிகான் வகை மருந்து செங்கல்லோடு தண்ணீர் ஒட்டாதபடி ஆக்கிவிடும். ஆனால் அந்தச் சோதனையில் தண்ணீர் வெளியிலிருந்து செங்கல்லின் முகத்தில் விழுகிறது. உங்கள் வீட்டிலோ அது உள்ளே, கீழே இருந்து, முதுகுப் பக்கமாக வருகிறது. அவர் முகத்தில் தடவிவிட்டுப் போனால், தண்ணீர் அந்தப் படலம் வரை வந்து நின்று, அங்கேயே ஆவியாகி, உப்பைப் படலத்துக்குப் பின்னால் கொட்டும். ஒரு மழைக்காலம் போனதும் பூச்சு தகடு தகடாகக் கழன்று வரும். மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவருக்கு அது நல்ல மருந்துதான், ஓதத்துக்கு இல்லை. ஏஜென்ட் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம், அவர் படித்தது கம்பெனி கொடுத்த துண்டுப் பிரசுரம் மட்டும்தான்.

சுவரின் அடியைக் குனிந்து பார்க்காமல் சதுர அடிக் கணக்குப் போடுகிற யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். குனிந்து என்ன பார்க்க வேண்டும்? வீட்டுக்கு வெளியே போங்கள். பெல்ட் கான்கிரீட் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கான்கிரீட்டில் இடைவெளி இல்லாமல் போட்ட பெல்ட் தண்ணீரைப் பெருமளவு தடுத்துவிடும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் கொத்தனார் வெளிப்பூச்சைப் பெல்ட்டோடு நிறுத்துவதில்லை. அழகாக இருக்கட்டும் என்று மண்ணுக்குள் வரை இழுத்துப் பூசிவிடுவார். போச்சு. தண்ணீர் மண்ணிலிருந்து பூச்சில் ஏறி, பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு மேலே செங்கல்லுக்குள் நுழைந்துவிடும். அல்லது வாசலில் பூச்செடிக்காக மண்ணடித்து, பெல்ட்டே மண்ணுக்குள் போயிருக்கும்.

அல்லது ரோடு உயர்ந்திருக்கும். இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுகிறார்கள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே கடிதம் எழுதினார். கடிதம் கோப்பில் இருக்கும், ரோடு வாசற்படிக்கு மேலே இருக்கும். முன்பு மூன்று படி ஏறிப் போன வீடுகளில் இன்று ஒரு படி இறங்கிப் போகிறார்கள். அந்தச் சுவரில் ஓதம் ஏறாமல் என்ன செய்யும்? மனை வரைபட அனுமதிக்கு நடையாய் நடக்க வைக்கிறவர்கள், அஸ்திவாரத்தை மண் போட்டு மூடும் முன் ஒரு தடவை வந்து பெல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் பாதி வீடுகள் தப்பிக்கும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். சுவரை ஒட்டிய மண்ணை, பெல்ட்டின் மேல்மட்டத்துக்கு அரையடி கீழே போகும்வரை வழித்து எடுங்கள். பெல்ட்டைத் தாண்டிக் கீழே இறங்கும் வெளிப்பூச்சை அந்த இடத்தில் ஒரு பட்டையாகக் கொத்தி எடுத்து, செங்கல்லையும் கான்கிரீட்டையும் காற்றுப்பட விடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்தால் குழாய் வைத்துத் தள்ளி விடுங்கள். பாதி வீடுகளில் இதிலேயே ஏற்றம் குறைந்துவிடும், கூலி இரண்டு ஆளுக்கு மேல் ஆகாது. அதனால்தான் இதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை.

உள்ளே பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் மட்டும் தட்டி, முறத்திலோ பேப்பரிலோ வாங்கி, வீட்டுக்கு வெளியே தள்ளிக் கொட்டுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள், துடைத்தால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். அதன்பின் கறை தெரிகிற உயரத்துக்கு ஓரடி மேலே வரை உட்பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்துவிடுங்கள். கொத்திய குப்பையைச் சுவரடியில் குவித்து வைக்காதீர்கள், அதில்தான் உப்பெல்லாம் இருக்கிறது.

பிறகு காத்திருக்க வேண்டும். இதற்குத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தையில் கொத்தினால் கோடை வெயிலும் கச்சான் காற்றும் பாதி வேலையைச் செய்துவிடும். அசிங்கமாக இருக்கும்தான், அலமாரியை நகர்த்தி மறைத்து வைக்காதீர்கள், காற்று போக வேண்டும். காய்ந்த பிறகு சிமென்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு என்று கலந்து பூசச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில் வாட்டர்ப்ரூஃப் பவுடர் போட்டால்தான் ‘ஸ்ட்ராங்’ என்பார். உங்களுக்குப் பலம் வேண்டாம், ஆவி போக வழி வேண்டும். கரை மணல் கூடாது, கரிக்கிற போர் தண்ணீர் கூடாது. கம்பி போடும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியத் தரக்குறியீடு 456 சொல்கிறது. நாக்கில் கரித்தாலே அதை டம்ளரோடு ஒதுக்கிவிடுங்கள். முதல் வருடம் வெறும் சுண்ணாம்பு வெள்ளை போதும்.

மண்ணை வழித்த பிறகும், பூச்சைப் பட்டையாக எடுத்த பிறகும், அடுத்த மழைக்காலத்தில் ஈரம் அதே கோட்டுக்கு ஏறினால் பெல்ட்டிலேயே ஓட்டை இருக்கிறது. பழைய கோட்டைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தால் இது தெரிந்துவிடும். அப்போது மட்டும் சுவரில் துளை போட்டுச் சிலிகான் மருந்து செலுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். செங்கல் அடுக்குக்கு இடையிலுள்ள கலவை வரிசையில், 10 முதல் 12 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, சுவரின் கனம் முழுவதற்கும் மருந்து போக வேண்டும். ஓரடிக்கு ஒரு துளை போட்டுவிட்டுக் கணக்கை ஓட்ட அடியில் எழுதுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வீடு செங்கல் என்பதால் இவ்வளவும் சொன்னேன். இதைப் படிக்கும் கீழக்கரை, வேதாளை, ராமேஸ்வரம் பக்கத்து ஆட்கள் தங்கள் பழைய வீட்டில் போய் இதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். அந்த ஊர்களில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் கல் கடலிலிருந்தே வந்தது. ஓதம் ஏறாவிட்டாலும் உள்ளே உப்பு இருக்கும். கல்லுக்குள் துளைகள் பெரிதும் சிறிதுமாக, தாறுமாறாகப் போகும். துளை போட்டு மருந்து செலுத்தினால் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது மொத்தமும் பணத்தைக் குழியில் ஊற்றுவதுதான். அந்தச் சுவரில் சிமென்ட் பூசுவது அதைவிடக் கேடு. சுண்ணாம்புப் பூச்சு மெத்தென்று இருந்து உப்பைத் தானே வாங்கிக்கொண்டு உதிரும். உதிர்வதுதான் அதன் வேலை, சில வருடத்துக்கு ஒரு முறை புதிதாகப் பூசினால் கல் பிழைக்கும். சிமென்ட் பூசினால் பூச்சு கெட்டியாக நிற்கும், உள்ளே கல் மாவாகும். தட்டிப் பார்த்தால் ‘டொப் டொப்’ என்று சத்தம் வரும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். சிமென்ட் ஒரு கைப்பிடிகூடச் சேர்க்க வேண்டாம், மேஸ்திரி ‘பிடிப்புக்காக’ என்று எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம். உடைந்த இடத்தில் வைக்கப் பவளக்கல் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். பவளங்கள் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. அதில் மாட்டினால் அபராதத்தோடு போகாது. வீட்டிலேயே விழுந்து கிடக்கும் பழைய கல்லையோ நல்ல செங்கல்லையோ சுண்ணாம்புக் கலவையில் வையுங்கள்.

கடைசியாக உங்கள் முன்பணம். ரசீது இருந்தால் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘மேற்பரப்புப் பூச்சு’ என்று மட்டும் இருந்தால், ஓதத்துக்கு உத்தரவாதம் என்று அதே தாளில் எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத மாட்டார். அப்போது பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் நல்லது. ரசீதே கொடுக்கவில்லை என்றால் 5,000 வருவது கஷ்டம்தான். மிச்சத்தைக் கொடுக்காதீர்கள்.