மை கசிந்தால் பேனாவைக் குறை சொல்லாதீர்கள்

அம்பாசமுத்திரம் நண்பருக்கு, செல்போனை விட்டுவிட்டு மைப்பேனாவில் நாட்குறிப்பு எழுதினால் மை கசிந்து பின்பக்கமும் தெரிகிறது என்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் தாளில்தான். அட்டையில் போட்டிருக்கும் ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பது, அவ்வளவுதான். 80 என்றிருந்தாலும், மை ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சு குறைந்த தாள் மையை உறிஞ்சிவிடும். பேனாவோடு கடைக்குப் போய், கேட்டுவிட்டு ஓர் ஓரத்தில் எழுதிப் பாருங்கள். சாரல் மாதங்களில் நம் பக்கத்து ஈரக்காற்று தாளில் ஏறி இன்னும் கசியவைக்கும். நோட்டைச் சன்னலோரம் வைக்க வேண்டாம்.

கரண்ட் பில், மாத்திரை நேரமெல்லாம் போனிலேயே இருக்கட்டும், நினைவூட்ட அதுதான் சரி. தாமிரபரணியில் அன்றைக்குத் தண்ணீர் எப்படி ஓடியது என்பதைக் கையால் எழுதுங்கள், அந்தச் சுகத்தை விட்டுவிடாதீர்கள். அப்புறம், சில வாரம் எழுதப்போவதில்லை என்றால் மையைக் கொட்டிவிட்டு நிப்பைப் பச்சைத் தண்ணீரில் கழுவி வையுங்கள்.