எத்தனையாம் பிள்ளை?

கேள்வி: என்னோட படிச்ச பெடியன்கள் எல்லாரும் எங்கயோ போய்ட்டாங்கள் ஐயா. ஒருத்தன் டொக்டர், இன்டர்ன்ஷிப்பும் முடிச்சிட்டான். ஒருத்தன் மெல்பேர்ன்ல, ஒருத்தன் கட்டார்ல என்ஜினியர், இன்னொருத்தன் நிலாவெளியில சொந்தமா கெஸ்ட் ஹவுஸ் போட்டிட்டான். நான் 27 வயசில ஹாட்வெயார் கடையில பில் போடுறன். டொக்டர் கூட்டாளி போன கிழமை ‘நவராத்திரிக் கும்பத்துக்கு ஊருக்கு வாறன் மச்சான், நிப்பியா’ எண்டு மெசேஜ் போட்டவன், இன்னும் பதில் அனுப்ப மனம் வரேல்ல. நான் பொறாமைக்காரனா?
- 2017 ஏ.எல். (உயர்தரம்) பேட்ச் வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: பொறாமை இருக்கட்டும் தம்பி, முதல்ல கணக்குப் பிழை. உங்கட வகுப்பில ஒரு முப்பத்தஞ்சு பேர் இருந்திருப்பீங்களா? கடிதத்தில வாறது நாலு பேர். மிச்ச முப்பது பேரும் எங்க? பஸ் ஸ்டாண்டில ஓட்டோ ஓடுறவர், திருக்கடலூரில தகப்பன்ட போட்டில கடலுக்குப் போறவர், சீனக்குடாப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போறவர், கல்யாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையோட அன்புவழிபுரத்தில இருக்கிறவர், இப்பிடி ஒருத்தரும் உங்கட பேட்சில இல்லயெண்டு கோணேசர் கோயில் வாசல்ல நிண்டு சொல்லுவீங்களா? அவங்களும் ஒரே வாங்கில இருந்தவங்கதான், ஆனா அவங்களப் பாத்தா உங்களுக்கு எரியாது, அதால ‘எல்லாரும்’ எண்ட சொல்லுக்குள்ள அவங்களுக்கு இடமில்லாமப் போச்சு. எனக்கு உங்கட கடிதத்தில கோவம் வந்த இடம் அதுதான்.

எனக்கு விளங்குது எங்கயிருந்து வந்த பழக்கமெண்டு. தவணை முடிய ரிப்போர்ட்டோட வீட்ட போனா அம்மா கேப்பா, பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால கேப்பா, சைக்கிள்ல போற மாஸ்டர் பிரேக் பிடிச்சு நிண்டு கேப்பார், ‘எத்தனையாம் பிள்ளை?’, அதாவது வகுப்பில எத்தனையாம் இடமெண்டு. பாடம் என்ன விளங்கினது எண்டு கேட்ட ஆளே இல்ல. அந்த ரிப்போர்ட்ட நீங்க இன்னும் கையில வச்சிருக்கிறீங்க தம்பி, பேஸ்புக்கத் திறக்கிற நேரமெல்லாம் நீங்களே நம்பர் போட்டுக்கொள்ளுறீங்க.

டொக்டர் கதைக்கு வருவம். பெரும்பாலான பாடநெறிக்கு கெம்பஸ் அனுமதி எப்பிடியெண்டா 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்ச 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு, அந்தப் பட்டியல்ல எங்கட திருகோணமலையும் இருக்கு. ஏ.எல். பெறுபேற ஒப்பிடுற இஸட் ஸ்கோர நாலு தசம தானத்துக்குப் போடுறாங்க, மூண்டாம் நாலாம் தானத்தில ஆக்கள் உள்ளுக்கும் வெளியிலயும் போறாங்க. அவர் ராப்பகலாப் படிச்சுத்தான் போனார், அதில மறுபேச்சில்ல, ஆனா அந்தத் தசம தானத்த வாழ்நாள் தீர்ப்பெண்டு பிடிச்சுக்கொண்டிருக்கிறது நீங்க மட்டும்தான். அதுக்குப் பிறகு அவர் அஞ்சு வருஷம் மெடிசின், நடுவில கொரோனா, பிறகு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். உழைப்புக் கணக்குப் பாத்தா நீங்க அவருக்கு முந்தியே வீட்டுக்குக் காசு குடுக்கத் தொடங்கியிருப்பீங்க, அத ஒரு வரியாவது எழுதினீங்களா?

வெளிநாட்டிலயும் கஷ்டம்தான், போட்டோவ நம்பாதீங்க எண்டெல்லாம் சொல்லி உங்களத் தேத்த மாட்டன். மெல்பேர்ன்காரர் உண்மையாவே நல்லா இருக்கலாம், இருக்கட்டுமே. நிலாவெளிக்காரர் கெஸ்ட் ஹவுஸ் கட்டேக்க பைப்பும் டைல்ஸும் வானத்தில இருந்து விழுந்திருக்காது, யாரோ ஒரு கடையில யாரோ ஒருத்தர் பில் போட்டுத்தான் போயிருக்கும். 2022ல சீமெந்து விலை ஏறி ஏறி நிண்ட காலத்தில கவுண்டரில நிண்டு சனத்திட்ட ஏச்சு வாங்கின ஆளெண்டா, உங்களுக்கு ஏவாரம் தெரியாதெண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது.

எங்கட பேட்ச் கதை வேற. 90 ஜூன்ல திரும்பச் சண்டை தொடங்கி ஊரே இடம்பெயர்ந்து போனாப்பிறகு வகுப்பு சிதறிப்போச்சு, யார் எங்க எண்டு கனகாலம் தெரியாது. பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தன் கனடாவில இருந்து போன் எடுத்து ‘டேய் நான்தான்டா’ எண்டான், அவன் என்ன வேலை எண்டு நான் கேக்கவே இல்ல, கன நேரம் பேச்சே வரேல்ல. இதச் சொல்லி உங்கட வாய அடைக்க வரேல்ல, உங்கட காலத்தில எல்லாற்ற வேலையும் சம்பளமும் காரும் போனுக்குள்ள தானா வந்து விழுது, அதுவும் ஒரு தொல்லைதான், ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா ஒண்டு. நவராத்திரிக் கும்பம் பாக்க ராவில ரோட்டு ரோட்டா ஒண்டாத் திரிஞ்ச ஆள் ‘நிப்பியா’ எண்டு கேட்டிருக்கிறார், நீங்க என்ன வேலை, எவ்வளவு சம்பளம் எண்டு அவர் கேக்கேல்ல. அந்த ஒரு சொல்லுக்குப் பதில் போட ஒரு கிழமையா உங்களுக்கு மனமில்ல, எனக்கு இவ்வளவு நீளக் கடிதம் எழுத மட்டும் மனம் வந்திருக்கு. நான் பதில் போட்டிட்டன் தம்பி, இனி நீங்க போடுங்க.