நம் டொமைன் பெயரில் வேறொருவர் மெயில் அனுப்பினால்: கேள்வி பதில்

பல ஆண்டுகளாக மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். சொந்த டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வைத்திருப்பவர்கள், தங்கள் பெயரில் போலி மெயில் போவதைத் தடுப்பது பற்றிக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

மேடம், எங்கள் கணக்குப் பிரிவு முகவரியிலிருந்து வந்தது போலவே ஜெர்மனி வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று. அவர் போன் செய்து கேட்டதால் தப்பித்தோம். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மறுபடி போகிறது. எப்படி? (திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி)

உங்கள் பாஸ்வேர்டே தேவைப்படாமல் இதைச் செய்ய முடியும். தபால் உறையில் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் அல்லவா? மெயிலும் அப்படித்தான். 1982இல் மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி முறையை வகுத்தபோது, அனுப்புகிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவைதான் எஸ்பிஎஃப், டீகிம், டீமார்க். மூன்றுக்குமே உங்கள் டிஎன்எஸ்ஸில், அதாவது உங்கள் டொமைன் பற்றி யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பதிவேட்டில், ரெக்கார்டு என்ற வரிகளைப் போட வேண்டும்.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். அந்தப் போலி மெயிலில் உண்மையான இன்வாய்ஸ் எண், தொகை ஏதாவது இருந்ததா? இருந்தால் யாரோ உங்கள் அல்லது வாடிக்கையாளரின் மெயில்பெட்டியைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். செட்டிங்கில் உங்களுக்குத் தெரியாத ஃபார்வர்டு முகவரி, ஃபில்டர் எதுவும் உட்கார்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அவை தானாகப் போகாது.

எஸ்பிஎஃப் போட்டுவிட்டோம். அது போதாதா? (மதுரை, பள்ளி அலுவலகம்)

போதாது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது: உறை மேல் ஒன்று, உள்ளே கடிதத்தில் ஒன்று. படிக்கிறவர் கண்ணில் படுவது உள்ளே இருக்கும் ஃப்ரம் வரி. எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்; அது பார்ப்பதோ உறையை. மோசடிக்காரர் உறையில் தன் டொமைனையும் உள்ளே உங்கள் பள்ளியின் முகவரியையும் எழுதினால், எஸ்பிஎஃப் சோதனையில் அது தேறிவிடும்.

டீகிம் என்பது மெயிலோடு சேர்ந்து போகும் டிஜிட்டல் கையெழுத்து. அதுவும் எந்த டொமைன் கையெழுத்திட்டது என்பதைத்தான் சொல்லும். இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, அந்த டொமைன் ஃப்ரம் வரியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டீமார்க். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வதும், உங்களுக்கு அறிக்கை அனுப்பச் சொல்வதும் அதுதான்.

அக்கா, ஹோஸ்டிங்காரர் ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டு கொடுத்தார், நியூஸ்லெட்டர் சேவை இன்னொன்று கொடுத்தது. இரண்டையும் போட்டேன். இப்போது எல்லாமே ஸ்பேமுக்குப் போகிறது. (சிவகாசி, அச்சகம்)

ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் தம்பி. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள். சேர்க்கும்போது, இன்க்ளூட் (இன்னொரு சேவையின் பட்டியலையும் பார் என்று சொல்லும் பகுதி) போன்றவற்றால் நடக்கும் டிஎன்எஸ் தேடல்கள் மொத்தம் 10ஐத் தாண்டக் கூடாது. ஒரு இன்க்ளூட்டுக்குள் இருக்கும் இன்க்ளூட்டும் கணக்கில் வரும். இப்போது பயன்படுத்தாத பழைய சேவைகளை எடுத்துவிடுங்கள்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருக்கிறோம். டீகிம் 'பாஸ்' என்று வருகிறது, டீமார்க் அறிக்கையிலோ டீகிம் பொருந்தவில்லை என்கிறது. (கோவை, மென்பொருள் நிறுவனம்)

நீங்கள் இன்னும் டீகிமை இயக்கவில்லை என்று நினைக்கிறேன். அதுவரை கூகுள் தன் சொந்த டொமைன் ஒன்றின் பெயரில் கையெழுத்திடும். கையெழுத்து செல்லும், ஆனால் அது உங்கள் கையெழுத்து இல்லை. அட்மின் பக்கத்தில் கையெழுத்துக்கான சாவியை உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் போட்டு, அப்புறம் திரும்பி வந்து கையெழுத்திடுவதைத் தொடங்கும் பட்டனை அழுத்த வேண்டும். பலர் மறப்பது இந்தக் கடைசிப் படியைத்தான்.

சாவி 2048 பிட் எடுங்கள்; சாவி குட்டையாக இருந்தால் உடைப்பது எளிது. 2012இல் வெளியான செய்தி ஒன்று: சக்கரி ஹாரிஸ் என்ற கணித வல்லுநர், கூகுள் அப்போது 512 பிட் சாவி வைத்திருந்ததைக் கவனித்து, அதை உடைத்து, கூகுள் நிறுவனர் ஒருவர் பெயரில் மற்ற நிறுவனருக்கே மெயில் அனுப்பிக் காட்டினார். அவ்வளவு பெரிய இடத்திலேயே கவனிக்காமல் விட்டிருந்தார்கள். நீளமான சாவி டிஎன்எஸ்ஸில் 255 எழுத்துக்கு மேல் ஒரே துண்டாக நிற்காது, சில பேனல்களில் நாமே பிரித்துப் போட வேண்டும்.

டீமார்க்கை 'நன்' என்று வைத்து இரண்டு வருடம் ஆகிறது. போலி மெயில் நிற்கவில்லையே? (சென்னை, தொண்டு நிறுவனம்)

நிற்காது மேடம். 'நன்' என்றால் "ஒன்றும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு" என்று பொருள். கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் (கூகுள் கணக்கில் நாளுக்கு சுமார் 5,000 அல்லது அதற்கு மேல்) டீமார்க் வைத்தே ஆக வேண்டும் என்றதும் பலர் அவசரமாக 'நன்' போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். விதிக்கு அது போதும், உங்கள் நன்கொடையாளர்களைக் காக்கப் போதாது.

அறிக்கைகள் தினமும் எக்ஸ்எம்எல் கோப்புகளாக வரும். யாரும் திறந்து பார்ப்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். உங்கள் பெயரில் எந்தெந்த ஐபியிலிருந்து (சர்வரின் இணைய எண்) எத்தனை மெயில் போனது, எது தேறியது என்ற முழு விவரம் அதில் இருக்கிறது. கண்ணால் படிக்கக் கஷ்டம் என்றால் அட்டவணையாக்கித் தரும் சேவைகள் இருக்கின்றன. ரசீது அனுப்பும் மென்பொருள், நன்கொடைப் பக்கம், வலைதளப் படிவம் என்று நீங்கள் மறந்துபோன அனுப்புநர்கள் எல்லாம் அதில் தெரிவார்கள். ஒவ்வொன்றையும் சரிசெய்த பிறகு 'குவாரண்டைன்' (பொருந்தாததை ஸ்பேமில் போடு), அப்புறம் 'ரிஜெக்ட்' (வாங்காமலே திருப்பு).

அவசரம் வேண்டாம். ஒரு அலுவலகத்தில் நான் நாலு நாள் அறிக்கையை மட்டும் பார்த்து ரிஜெக்ட் வைத்தேன். சம்பளச் சீட்டு அனுப்பும் வெளிச் சேவை அந்த நாலு நாளில் ஒரு மெயில்கூட அனுப்பியிருக்கவில்லை. முதல் தேதி ஊழியர்கள் யாருக்கும் சீட்டு போகவில்லை. இப்போதெல்லாம் ஒரு முழு மாதம், முடிந்தால் காலாண்டு முடிவு வரை பார்க்காமல் நான் இறுக்குவதில்லை. ஆனால் இரண்டு வருடம் என்பது மிக அதிகம்.

பழைய மாணவர்களுக்கு ஒரு மெயில் குழு நடத்துகிறோம். சிலர் எழுதினால் மற்றவர்களுக்குப் போவதே இல்லை. (யாழ்ப்பாணம்)

அவர்களுடைய டொமைன் ரிஜெக்டில் இருக்கும் ஐயா. குழு மென்பொருள் தலைப்பில் பெயர் சேர்க்கும், அடியில் ஒரு வரி சேர்க்கும். உடனே டீகிம் கையெழுத்து கெட்டுவிடும். உறையும் குழுவின் பெயருக்கு மாறிவிடுவதால் எஸ்பிஎஃப்பும் பொருந்தாது. 2014 ஏப்ரலில் யாகூ ரிஜெக்டுக்கு மாறியபோது உலகெங்கும் மெயில் குழுக்கள் இப்படித்தான் தடுமாறின. ஃப்ரம் வரியில் குழுவின் முகவரியைப் போடும்படி மென்பொருளை மாற்றுங்கள். மெயில்மேன் என்ற குழு மென்பொருளில் அதற்குத் தனி அமைப்பே இருக்கிறது.

மெயிலே இல்லாத டொமைன்கள் நாலு வாங்கிப் போட்டிருக்கிறோம். அவற்றுக்கும் தேவையா? (சேலம்)

கட்டாயம். யாரும் அனுப்ப அனுமதி இல்லை என்று எஸ்பிஎஃப், கூடவே ரிஜெக்டில் டீமார்க். இங்கே காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே வைக்கலாம்.

எல்லாம் செய்துவிட்டால் இனி பயமில்லையா? (மறுபடி திருப்பூர்)

உங்கள் டொமைனை அப்படியே போட்டு ஏமாற்றுவது, டீமார்க்கை மதிக்கும் சர்வர்களிடம் நடக்காது. ஆனால் ஓர் எழுத்து மாற்றி வாங்கிய டொமைனையோ, பெயரை மட்டும் உங்களுடையதாக வைத்த ஜிமெயில் கணக்கையோ டீமார்க் தடுக்காது. அதனால் வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம் என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இப்போதே எழுதிவிடுங்கள். மாற்றம் வந்தால் அவர்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்கட்டும், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. இந்தியாவிலிருந்து பணம் போய்விட்டால் வங்கியையும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணையும் உடனே அழைக்க வேண்டும்.