ஆடி ஆஃபர்ல வயிறு தைக்கிறதா?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு, திருமங்கலம் பக்கம் கிராமம். பொண்ணுக்கு 4 வயசு, பையன் பொறந்து 8 மாசம் ஆகுது, சிசேரியன், இன்னும் பால் குடுக்குறேன். போன வாரம் பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து வர்ற பஸ்ல ஒரு அம்மா எந்திரிச்சு எடம் விட்டு, எத்தன மாசம்மான்னு கேட்டாங்க. வயிறு தொங்குது, படுத்து எந்திரிக்கும்போது நடுவுல கூம்பு மாதிரி தள்ளுது, தொப்புளும் வெளிய வந்துருச்சு. மார் ரெண்டும் சரிஞ்சு போச்சு, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, பால் குடுத்தா அப்படித்தான்னு மாமியார் சொல்றாங்க. மதுரையில ஒரு கிளினிக்ல வயிறு, மார், கொழுப்பு எல்லாத்துக்கும் சேத்து ஒரே பேக்கேஜ், ஆடி ஆஃபர், 4 நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னு அங்க இருந்த கவுன்சிலர் பொண்ணு சொல்லுச்சு. 5,000 அட்வான்ஸ் கட்டிட்டேன், மீதிக்கு செயின அடகு வைக்கணும். வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு, தீபாவளிக்கு வர்றாரு, அதுக்குள்ள முடிச்சிரலாம்னு பாக்குறேன். அவருக்கு இன்னும் சொல்லல. பண்ணலாமா?
- பேர் வேண்டாம், திருமங்கலம்

பதில்:

தாயி, அந்த பஸ் அம்மா மேல கோவப்படாத. எனக்கு கடைக்குட்டி பொறந்து ஒரு வருஷம் ஆனப்புறம் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில, இந்த மாசத்துக்கு இதான்க்கா சௌகரியமா இருக்கும்னு ஒரு பொண்ணு லூசு நைட்டியா எடுத்துப் போட்டுச்சு, நானும் ஒண்ணும் சொல்லாம ரெண்டு வாங்கிட்டு வந்துட்டேன். நல்ல நைட்டிதான், ரொம்ப நாள் ஒழைச்சுச்சு.

நான் டாக்டர் இல்ல, ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா நின்னே பாதி ஆயுசு போனவ, அதனால டேபிள்ல என்ன நடக்கும், அதுக்கப்புறம் வார்டுல என்ன நடக்கும்னு ரெண்டும் தெரியும். இந்த மாதிரி ஆபரேஷனே கூடாதுன்னு சொல்ற ஆளும் நான் இல்ல. 2018-ல சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில மார்பக அழகு சிகிச்சைக்குன்னு கவர்மெண்டே இலவசமா ஒரு கிளினிக் தொறந்துச்சு, ஏழைபாழைக்கு எதுக்கு இதெல்லாம்னு கேட்டவங்களும் உண்டு, அவுகளுக்கும் ஒடம்பு இருக்குல்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன். உனக்கு ஆசை இருந்தா அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எனக்கு இடிக்கிறது அந்த பேக்கேஜ்தான். உன் ஒடம்புல இருக்கிறது வேற வேற மூணு நாலு சமாச்சாரம், ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற, நேரமும் வேற, அதெல்லாத்தையும் ஒரே பொட்டலமா கட்டி ஆடிக்குள்ள வாங்கிக்கங்கன்னு சொல்றாய்ங்க பாரு, அங்கதான் சிக்கல்.

வயித்துல இருந்து வர்றேன். நீ எழுதுனதுல எனக்கு திக்குன்னு இருந்தது தொங்குற தோல் இல்ல, அந்தக் கூம்பும் தொப்புளும்தான். வயித்துக்கு முன்னாடி மேலருந்து கீழ ரெண்டு பட்டையா தசை இருக்கு, நடுவுல ஒரு தையல் மாதிரி ஒட்டி இருக்கும், புள்ள வளர வளர அந்த நடுக்கோடு இழுபட்டு அகண்டு போயிரும், நெறைய பேருக்கு தானா கூடிக்கும், சில பேருக்கு கூடாது. வீட்டுலயே பாத்துக்கலாம், மல்லாக்கப் படுத்து முழங்கால மடக்கி தலைய மட்டும் லேசா தூக்கு, தொப்புளுக்கு மேலயும் கீழயும் வெரல குறுக்க வச்சு அமுக்கிப் பாரு, ரெண்டு வெரல், அதுக்கு மேல பள்ளமா உள்ள போச்சுன்னா தசை பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம். தொப்புள் வெளிய வந்தது அதனாலயும் இருக்கலாம், இல்ல தொப்புள் ஹெர்னியாவாவும் இருக்கலாம், அப்படின்னா உள்ள இருக்கிற கொழுப்போ குடலோ அந்த ஓட்டை வழியா எட்டிப் பாக்குது. அது அழகு சமாச்சாரமே கிடையாது. ஒருநாள் அந்தப் புடைப்பு கல்லு மாதிரி எறுகி, உள்ள தள்ளுனா போகாம, வலியும் வாந்தியும் வந்துச்சுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதனால மொத வேலை ஒரு சர்ஜன்ட்ட காமிக்கிறது, தேவைப்பட்டா வயித்துக்கு ஒரு ஸ்கேன். அந்த கவுன்சிலர் பொண்ணு உன் தொப்புளத் தொட்டாவது பாத்துச்சா? டாக்டர் யாரும் பாத்ததா நீ எழுதவே இல்லையே.

நம்ம ஊர்ல புள்ள பெத்தவளுக்கு பழைய சுங்குடி சேலையக் கிழிச்சு வயித்த இறுக்கிக் கட்டி விடுவாங்க, எங்க ஆத்தா எனக்கும் கட்டுச்சு, இதமாத்தான் இருக்கும், இடுப்புக்கு ஒரு தெம்பு குடுக்கும், ஆனா பிரிஞ்ச தசைய அது சேக்காது. கடையில விக்கிற பெல்ட்டும் அப்படித்தான். சேக்கறதுக்கு உதவுறது பிசியோதெரபி, மூச்ச வெளிய விட்டு அடிவயித்த உள்ள இழுத்துப் புடிக்கிற பயிற்சியில ஆரம்பிச்சு மெதுவா கூட்டிக்கிட்டே போவாங்க. செல்லுல பாத்து எந்திரிச்சு எந்திரிச்சு படுக்கிற எக்சர்சைஸ் பண்றியா, அந்தக் கூம்பு தள்ளுச்சுன்னா உடனே நிறுத்திட்டு பிசியோதெரபிஸ்ட்ட கேளு. மூணு நாலு மாசம் ஒழுங்கா பண்ணிட்டு அப்புறம் உன் வயித்தப் பாரு, அந்த வயிறு வேற வயிறா இருக்கலாம்.

அப்புறமும் தோல் தொங்குச்சுன்னா, தசையும் சேரலன்னா, அதுக்குத்தான் டம்மி டக். ஒரு பக்க இடுப்பெலும்புல இருந்து மறுபக்கம் வரைக்கும் அடிவயித்துல நீளமா கீறி, தோல மேல வரைக்கும் பிரிச்சுத் தூக்கி, தசைய நடுவுல இழுத்துத் தைச்சு, மிச்சத் தோல வெட்டி எடுத்துட்டு, தொப்புளுக்குப் புதுசா ஓட்டை போட்டு வெளிய எடுத்து வைப்பாங்க. பழைய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டுற தோலோடயே போயிரும், தொப்புளுக்குக் கீழ இருக்கிற வரிகளும் போகும், மேல இருக்கிற வரி போகாது. கைதேர்ந்த ஆள் பண்ணா நல்லாவே வரும், நான் பாத்திருக்கேன். ஆனா 4 நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னு சொன்னாங்களே, வீட்டுக்குப் போகலாம்தான், போயி என்ன பண்ணுவ? மொத ஒரு வாரம் நிமிந்து நடக்க முடியாது, கூனிக்கிட்டுத்தான் நடக்கணும், தூங்குறதும் தலையையும் காலையும் ஒசத்தி வச்சுத்தான். ரெண்டு பக்கமும் உள்ள ஊறுற நீர் வடியிறதுக்கு ட்யூப் தொங்கும், அதுல வர்ற நீர அளந்து எழுதணும். பெல்ட் ஆறு வாரம் வரைக்கும். தும்முனா உசுரு போகும். ஆறு வாரத்துக்கு கனம் எதையும் தூக்கக் கூடாது, கனம்னா தண்ணிக் குடம் மட்டும் இல்ல, உன் பையன் எட்டு கிலோவாவது இருப்பான்ல, அவனையும்தான். எட்டு மாசப் புள்ள கைய நீட்டி அழுவான், நீ பாத்துக்கிட்டு படுத்திருக்கணும், முடியுமா? அடிவயிறு மாசக்கணக்குல மரத்துப்போன மாதிரி இருக்கும், வீக்கம் முழுசா வடிய ஆறு மாசம் வரைக்கும் ஆகும். தழும்பு ரெண்டு மூணு மாசத்துலதான் ரொம்ப செவந்து தடிச்சு நிக்கும், வெளுத்து அடங்க ஒரு வருஷம் போயிரும். ஆடியில பண்ணா ரெண்டு மூணு மாசம் எங்க வருதுன்னு எண்ணிப் பாரு, சரியா தீபாவளிக்கு.

இன்னொரு புள்ள வேணுமா வேணாமான்னும் நீ எழுதல. குடும்பக் கட்டுப்பாடு பண்ணிருந்தா அது வேற, இல்லன்னா தைச்ச தசையும் இழுத்த தோலும் அடுத்த கர்ப்பத்துல மறுபடி இழுபடும். முடிவு பண்ணிட்டுத்தான் இதுல எறங்கணும், நல்ல சர்ஜன்னா உக்காந்த உடனே கேக்குற கேள்வி இதான்.

பேக்கேஜ்ல கொழுப்புக்குன்னு சொன்னாங்களே, அந்த லைப்போசக்ஷனப் பத்தி ரெண்டு வார்த்தை போதும். அது கொழுப்ப மட்டும் உறிஞ்சும், தோலையும் தசையையும் ஒண்ணும் பண்ணாது, எடையக் குறைக்கிற வைத்தியமும் இல்ல. அங்க இங்க கொஞ்சம் திட்டா நிக்கிறதுக்கு சரி. உனக்கு இருக்கிறது தொங்குற தோலுன்னா, உள்ள இருக்கிறத உறிஞ்சி எடுத்தா பை காலியாகி இன்னும் தொங்கும்.

இப்ப மார். உன் மாமியார் சொல்றது பாதிதான் சரி. அமெரிக்காவுல கென்டக்கி யுனிவர்சிட்டி டாக்டருங்க 2007-ல இத ஆராய்ச்சி பண்ணி சொன்னாங்க, பால் குடுத்ததுக்கும் சரியறதுக்கும் சம்பந்தம் இல்ல, வயசு, ஒடம்பு எடை, எத்தன தடவ கர்ப்பம் ஆனது, முன்னாடியே பெரிய மாரா இருந்தது, சிகரெட் பழக்கம் இதெல்லாம்தான் காரணம்னு. கர்ப்பத்துலயே பெருத்து அப்புறம் வத்துறதுல தோல் இழுபட்டுப் போகுது, பால் குடுத்தாலும் குடுக்காட்டியும். அதனால இதுக்காக அவனுக்குப் பால நிறுத்திறாத, ரெண்டு வயசு வரைக்கும் குடுக்கலாம்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுங்கிறது பால் குடுக்கிற காலத்துல சர்வ சாதாரணம், அவன் எந்தப் பக்கம் அதிகம் குடிக்கிறானோ அது பெருசா இருக்கும். பால் நிறுத்தி மூணுல இருந்து ஆறு மாசம் போனாத்தான் அதோட நிஜமான அளவும் வடிவமும் தெரியும், அதுக்கு முன்னாடி அளவெடுக்கிறது ஈரச் சுவத்துக்கு பெயிண்ட் அடிக்கிற கதைதான். பால் ஊறுற மார்ல கத்தி வச்சா கிருமி தொத்தும், வெட்டுன எடத்துல பால் கசியும். இப்பவே பண்ணலாம்னு ஒருத்தர் சொன்னா அந்த எடத்த விட்டு நீ எந்திரிச்சு வந்துரலாம்.

ஆறப்போட்டு பாத்தப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுறாத. லிஃப்ட்ங்கிறது தொங்குற தோல வெட்டி, காம்ப மேல ஏத்தி வைக்கிறது, மார் அளவு பெருசாகாது, மார் எவ்வளவு சரிஞ்சிருக்குங்கிறதப் பொறுத்து தழும்பு கருவட்டத்தச் சுத்தி மட்டும் இருக்கலாம், இல்ல அங்கருந்து நேரா கீழ எறங்கலாம், ரொம்ப சரிஞ்சிருந்தா மாருக்கு அடியிலயும் குறுக்க ஒரு கோடு வரும். காம்புல உணர்ச்சி குறையலாம், பின்னால பால் குடுக்கிறதும் பாதிக்கலாம். இம்பிளான்ட்ங்கிறது வத்துன எடத்த நெரப்புறது, நல்லா சரிஞ்ச மார அது தனியா தூக்கி நிறுத்தாது. சிலிகான் இம்பிளான்ட் 1962-ல இருந்து இருக்கு, அமெரிக்காவுல 1992-ல தடுத்து வச்சு 2006-ல மறுபடி விட்டாங்க, பிரான்சுல ஒரு கம்பெனி மட்டமான சிலிகான அடைச்சு வித்தது 2010-ல வெளிய வந்து லட்சக்கணக்கான பொம்பளைங்க தவிச்சுப் போனாங்க. இப்ப வர்றது அதவிட எவ்வளவோ தேவலாம், இருந்தாலும் ஆயுசுக்கும் வர்ற பொருள் இல்ல, பெருசு பண்ண வச்சவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் வரைக்கும் எட்டு பத்து வருஷத்துல எடுக்க வேண்டி வரும்னு அமெரிக்காவுல மருந்தையும் இந்த மாதிரி கருவியையும் கண்காணிக்கிற எஃப்.டி.ஏ-வே சொல்லுது. உள்ள கிழிஞ்சிருக்கான்னு அஞ்சாறு வருஷத்துல ஒருதடவ, அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவ ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. 31 வயசுல நீ வச்சா வாழ்நாள்ல இன்னொரு ஆபரேஷனுக்கும் சேத்துத்தான் கணக்கு போடணும். வச்சா அந்த இம்பிளான்ட்டோட கார்டு, சீரியல் நம்பரோட, உன் கையில இருக்கணும்.

இன்னொண்ணு, தடவுனா நிமிரும்னு எண்ணெய், கிரீம் ஏதாவது வாங்கிருக்கியா? பொம்பளைங்க மார் வடிவத்துக்கு மருந்துன்னு விளம்பரம் பண்றதே 1954-ல வந்த மேஜிக் ரெமடிஸ் சட்டத்துப்படி குத்தம். எழுபது வருஷமா சட்டம் இருக்கு, எழுபது வருஷமா அவிங்களும் வித்துக்கிட்டுத்தான் இருக்காய்ங்க.

யாரு பண்றாங்கன்னு பாக்கணும். எம்.பி.பி.எஸ், அப்புறம் சர்ஜரி படிப்பு, அதுக்கு மேல பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சி.ஹெச் இல்லன்னா டி.என்.பி, இதான் படிப்பு. காஸ்மெட்டாலஜிஸ்ட்னு போர்டு இருந்தா மட்டும் போதாது. பேரச் சொல்லி தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவு நம்பரக் கேளு, நல்ல டாக்டர் யாரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. மயக்க மருந்து குடுக்கிறது யாரு, அவரு ஆபரேஷன் முடியுற வரைக்கும் கூட இருப்பாரா, ஐ.சி.யூ அந்தக் கட்டடத்துலயே இருக்கா, இதையும் கேளு. மூணு ஆபரேஷன ஒண்ணா சேத்தா நேரம் நீளும், நேரம் நீள நீள கால் ரத்தக் குழாய்ல ரத்தம் கட்டியா ஒறஞ்சு நுரையீரலுக்குப் போற ஆபத்து கூடும், மாடியில ரெண்டு ரூமு வச்சிருக்கிற கிளினிக்ல அத சமாளிக்க முடியாது.

பணம். இன்சூரன்ஸ் பாலிசியில அழகு சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது, இந்த ஆபரேஷனுக்கு ஜி.எஸ்.டி-யும் உண்டு, அந்தப் பொண்ணு சொன்ன ரேட்டுல அதெல்லாம் சேந்திருக்கான்னு கேட்டுக்க. ஹெர்னியான்னு வந்தா அது வைத்தியக் கணக்கு, பாலிசி இருந்தா காத்திருப்பு காலம் முடிஞ்சுருச்சான்னு பாத்துட்டு கேக்கலாம். செயின் கழுத்துலயே கெடக்கட்டும் இப்போதைக்கு.

வீட்டுக்காரர்ட்ட சொல்லணுமான்னு கேட்டா, உன் ஒடம்புக்கு உன் கையெழுத்து போதும், அவர்ட்ட பெர்மிஷன் வாங்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா இடுப்புக்கு இடுப்பு தையல வச்சுக்கிட்டு எத்தன நாள் மறைப்ப, ஆறு வாரம் புள்ளைகளப் பாக்க, உன்னயக் கைத்தாங்கலா பாத்ரூமுக்குக் கூட்டிப் போக ஆள் வேணும்ல. பயந்துக்கிட்டு ஒளிச்சுப் பண்றியா, இல்ல அவரு வந்து ஏதாவது சொல்லிருவாரோன்னு பண்றியா, அது உனக்குத்தான் தெரியும். ஃபோன்ல அந்த பஸ் கதைய மட்டும் சொல்லிப் பாரு, என்ன பேசுறாருன்னு கேளு.

இந்த வாரம் அந்த கிளினிக்குக்கு ரசீதோட போயி, டாக்டர் என்னைப் பாக்கவே இல்ல, பால் குடுக்கிறேன், இப்ப பண்ணல, பணத்தத் திருப்பிக் குடுங்கன்னு எழுதிக் குடு, ஒரு காப்பி நீ வச்சுக்க. தள்ளுபடி போயிரும்னு சொல்வாங்க, போகட்டும். அடுத்து மதுரை கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போ, சர்ஜரி ஓ.பி-ல தொப்புளக் காமி, அங்கயே பிசியோதெரபியும் இருக்கு, பிளாஸ்டிக் சர்ஜரியும் இருக்கு, கேக்க வேண்டியத அவங்கட்டயும் கேட்டுக்கலாம். காலையில வெரசா போனாத்தான் சீட்டு வரிசையில நிக்காம தப்பிக்கலாம். சிசேரியன் டிஸ்சார்ஜ் சம்மரிய மறந்துறாத, பையனுக்குப் பால் குடுத்துட்டு மாமியார்ட்ட விட்டுட்டுப் போ.