ஹோபார்ட் பந்தயத்துக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 22 வயது. சிட்னியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரண்டு வருடங்களாக வார இறுதிகளில் துறைமுகத்துக்குள் பாய்ப்படகு ஓட்டிப் பழகிவருகிறாள். இந்த டிசம்பரில் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்துக்குப் போகும் படகு ஒன்றில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அனுப்பலாமா? படகுக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?
– டூங்காபியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அனுப்பலாம். ஆனால் எந்தப் படகில், எந்தக் கேப்டனிடம் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே உள்ள பாஸ் நீரிணையைப் பாய்ப்படகில் மூன்று முறை கடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே கடலில், ஒரே இரவில், ஒரு படகில் பயமில்லாமல் தூங்கலாம், பக்கத்துப் படகில் கால் வைக்கவே கூடாது.

முதலில் கடலைப் பற்றி. டிசம்பர் 26 பகல் ஒரு மணிக்குச் சிட்னி துறைமுகத்தில் கிளம்பும் படகுகள் தெற்கே 628 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 1,160 கிலோமீட்டர் ஓடி டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டை அடைய வேண்டும். 2017-இல் ‘கொமாஞ்சி’ என்ற படகு இதை 1 நாள் 9 மணி 15 நிமிடத்தில் முடித்தது. அது நூறடிப் படகு. நாற்பது அடிப் படகு என்றால் மூன்று முதல் ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் பழகிய உங்கள் மகளுக்குப் புதிதாக இருக்கப்போவது அந்த இரவுகள்தான்.

கோடைக்காலத்தில் கடல் ஏன் இப்படிக் குமுறுகிறது என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டி வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. படகுகளுக்கு அது பெரிய வரம். சும்மா இருந்தாலே தெற்கே தள்ளிக்கொண்டு போகும். ஆனால் தென்கடலிலிருந்து குளிர்காற்று முகப்பு ஒன்று ஏறி வந்தால், காற்று சட்டென்று தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும். நீர் ஒரு பக்கம் ஓட, காற்று எதிர்ப்பக்கம் தள்ள, அலைகள் ஒன்றோடொன்று நெருங்கிச் செங்குத்தாக எழுந்து உடையும். அதைத் தாண்டினால் பாஸ் நீரிணை. சராசரி ஆழம் அறுபது மீட்டர்தான். ஆழ்கடலில் நீண்டு புரண்டு வரும் அலை அங்கே குறுகிக் கூர்மையாகிவிடும். படகைக் கவிழ்ப்பது அலையின் உயரம் மட்டும் அல்ல. படகு பக்கவாட்டில் நிற்கும்போது அதன்மேல் உடைந்து விழும் அலைதான் கவிழ்க்கும்.

1998-இல் அதுதான் நடந்தது. 115 படகுகள் கிளம்பின. 44 மட்டுமே ஹோபார்ட் சேர்ந்தன. ஐந்து படகுகள் மூழ்கின, ஆறு பேர் இறந்தார்கள், 55 பேர் மீட்கப்பட்டார்கள். இன்றைய விதிகளில் பல அந்த மரணங்களிலிருந்து வந்தவை. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை. படகில் இருப்போரில் குறைந்தது பாதிப் பேராவது கடலில் உயிர்பிழைக்கும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பாஸ் நீரிணைக்குள் நுழையும் முன் கிரீன் கேப் என்ற முனைக்கு அருகில் ஒவ்வொரு கேப்டனும் பந்தய நிர்வாகத்தைத் தொடர்புகொண்டு உறுதி சொல்ல வேண்டும்: தொலைத்தொடர்புக் கருவி, உயிர்காப்பு மிதவை (ஆபத்தில் ஏறிக்கொள்ளும் காற்றடைத்த தெப்பம்), எஞ்சின், பேட்டரி எல்லாம் சரியாக இருக்கின்றன, ஆட்கள் தெம்பாக இருக்கிறார்கள், புதிய வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகே தொடர்கிறோம் என்று. விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் இந்த ஆண்டின் பந்தய அறிவிப்பை நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள்.

வானிலை அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். அதில் வருவது சராசரிக் காற்று. 35 நாட் (மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர்) என்று போட்டிருந்தால் வீச்சுகள் அதைவிட 40 விழுக்காடு கூடுதலாக, கிட்டத்தட்ட 50 நாட் வரை போகலாம். நான்கு மீட்டர் அலை என்றால் எப்போதாவது ஒன்று எட்டு மீட்டருக்கும் எழும்பும். கேப்டன் அந்த எட்டு மீட்டருக்குத் தயாராகிறாரா, நான்கு மீட்டருக்கா என்று உங்கள் மகள் கேட்டுப் பார்க்கட்டும்.

இனி, நான் உண்மையாகவே பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். 2024-இல் இரண்டு படகுகளில் இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டுமே முதல் இரவில். படகு மூழ்கவில்லை, கவிழவும் இல்லை. பெரிய பாயின் அடியில் கிடைமட்டமாக நீண்டிருக்கும் கட்டையை மாலுமிகள் பூம் என்பார்கள். ஒருவர்மேல் அது மோதியது. இன்னொருவரை அந்தப் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு அடித்தது. காற்று பின்னாலிருந்து வீசும்போது படகு கொஞ்சம் திசை தவறினால் போதும், பாய் மறுபக்கம் புரளும், கட்டை ஒரு நொடியில் தளத்தைத் துடைத்துக்கொண்டு போகும். அந்தக் கயிறு கிடக்கும் வளைவுக்குள் நின்றால் கயிறே ஆளைத் தூக்கி வீசிவிடும். எனவே உங்கள் மகள் கேட்க வேண்டியது: காற்று பின்னாலிருந்து வரும்போது கட்டை புரளாமல் முன்பக்கம் இழுத்துக் கட்டும் கயிறு போடுகிறீர்களா? இரவில் யார் சுக்கான் பிடிப்பார்கள்? நான் எங்கே உட்காரக் கூடாது? கடைசிக் கேள்விக்குக் கேப்டன் தளத்தில் இறங்கி, இடத்தைக் கையால் காட்டிச் சொன்னால் மனம் நிம்மதி அடையலாம். வாயால் மட்டும் சமாதானம் சொன்னால் போதாது.

அடுத்தது கொக்கி. உயிர்காப்பு மேலங்கியில் மார்புக்கு நேரே ஒரு வளையம் இருக்கும். அதிலிருந்து ஒரு பட்டைக்கயிறு, அதன் முனையில் கொக்கி. படகின் முன்னிருந்து பின்வரை கட்டிய நாடாவில் அதை மாட்டிக்கொண்டு நகர வேண்டும். கேபினிலிருந்து படியேறி வரும் அந்த ஒரு கணம்தான் பலர் கோட்டை விடும் இடம். தூக்கக் கலக்கம், இருட்டு, ஒரு கையில் சூடான குவளை. கொக்கியை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். நல்ல படகில் தலையை வெளியே நீட்டும் முன், படியில் நின்றபடியே கையை நீட்டிக் கொக்கியை மாட்டுவார்கள். அது ‘டிக்’ என்று பூட்டும் சத்தம் கேட்ட பிறகே கால் வெளியே வரும். மாலை ஆறு மணிக்குத் துறைமுகத்துக்குள் ஓட்டும்போதே அவர்கள் இதைச் செய்கிறார்களா என்று அவளைக் கவனிக்கச் சொல்லுங்கள். துறைமுகத்தில் செய்யாதவர்கள் பாஸ் நீரிணையில் திடீரென்று செய்ய மாட்டார்கள்.

உயிர்பிழைக்கும் பயிற்சி இரண்டு நாள். பாதிப் பேருக்குத்தானே கட்டாயம் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் மகள் கட்டாயம் போகட்டும். நீச்சல் குளத்தில் முழு மழையுடையோடு இறக்கி, மிதவைக்குள் ஏறச் சொல்வார்கள். காற்று நிரம்பிய மேலங்கி தாடையை முட்டும், கீழே குனிந்து பார்க்க முடியாது, நனைந்த உடை ஈயம்போல் இழுக்கும். வாசலில் உள்ள பட்டையைப் பிடித்து, காலை நன்றாக உதைத்து, மீன் துள்ளுவதுபோல் உள்ளே விழ வேண்டும். முதல் முறை அநேகமாக யாராலும் முடியாது. அந்த முதல் முறை குளத்தில் நடந்துவிடட்டும். கவட்டைப் பட்டையை இறுக்கிக் கட்டாவிட்டால் மேலங்கி தலைக்குமேல் கழன்றுகொள்ளப் பார்க்கும் என்பதும் அங்கே புரிந்துவிடும்.

வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு முந்தைய இரவே தொடங்க வேண்டும். வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. பருத்தி உடை வேண்டாம், கம்பளி உள்ளாடை இரண்டு செட் போதும்.

கேப்டனிடம் நான் கேட்கச் சொல்லும் முக்கியமான கேள்வி இது: கடைசியாக எந்தப் பந்தயத்தில் பாதியில் திரும்பினீர்கள், ஏன்? இந்தக் கேள்வியில் அவமரியாதை எதுவும் இல்லை. பல ஆண்டு கடலில் ஓடியவர் ஒரு முறையாவது திரும்பியிருப்பார், அந்த இரவை உங்களுக்கு விரிவாகச் சொல்லுவார்: எந்தக் கயிறு அறுந்தது, யாருக்கு உடம்பு முடியவில்லை, எத்தனை மணிக்கு முடிவெடுத்தார் என்று. இதுவரை திரும்பியதே இல்லை என்று பெருமையாகச் சொன்னால், மகளை வேறு படகு தேடச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வாள். பரவாயில்லை.

பந்தயம் தொடங்கியதும் ஒவ்வொரு படகும் எங்கே இருக்கிறது என்பதை இணைய வரைபடத்தில் பார்க்கலாம். புள்ளி கொஞ்ச நேரம் நகராவிட்டால் பதற வேண்டாம். பல சமயம் தகவல் வரத் தாமதமாகும். அது பாதை மாறி, நியூ சவுத் வேல்ஸ் கரையின் தென்கோடியில் உள்ள ஈடன் துறைமுகத்தை நோக்கித் திரும்பினால் கேப்டன் யோசித்துத்தான் திருப்பியிருக்கிறார் என்று அர்த்தம். 1998-இலும் பல படகுகளுக்கு அடைக்கலம் தந்த துறைமுகம் அது. சிட்னியிலிருந்து காரில் ஆறு மணி நேரம் ஆகும். ஏன் திரும்பினாய் என்று போனில் கேட்காதீர்கள். உலர்ந்த துணியும் சூடான சாப்பாடும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கூட இருப்பவர்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.