கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, பெல்லந்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஓப்பன் சோர்ஸ் (யாரும் எடுத்துப் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தலாம் என்று வெளியிடும்) தேடல் மென்பொருளுக்குக் கோடு, அதாவது நிரல், எழுதிக் கொடுத்துவந்தேன். தமிழில் தேடினால் ‘கொ’ சிக்காமல் போன பிழையைத் திருத்தியது நான்தான். இப்போது அதை நடத்தும் கம்பெனி லைசென்ஸை, அதாவது பயன்படுத்தும் நிபந்தனைகளை, கட்டுப்பாடு கூட்டி மாற்றிவிட்டது. “நீதானே சும்மா கொடுத்தே, இப்ப எதுக்குப் புலம்புறே?” என்கிறார்கள் ரூம் நண்பர்கள். நான் ஏமாந்துவிட்டேனா?
– பெயர் வேண்டாம், பெல்லந்தூர்

பதில்: தம்பி, முதலில் அந்த ‘கொ’வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணினி எழுத்துகளுக்கான யூனிகோட் முறையில் ‘ொ’ என்பதற்குத் தனிக் குறியீடு ஒன்று உண்டு. அதையே கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று மென்பொருளுக்குச் சொல்லித்தராவிட்டால், ‘கொடை’ என்று தேடுகிறவருக்குப் பாதிப் பக்கங்கள் வராமலே போகும். தமிழ் படிக்கிற ஒருவர் கண்ணில்தான் இந்தப் பிழை படும். உங்களைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து திருத்தாவிட்டால் அது அப்படியேதான் கிடந்திருக்கும். நண்பர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஏமாந்தீர்களா என்பது எதற்குச் சம்மதம் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் திருத்தத்தை ‘சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பியதும் பாட் என்ற தானியங்கி நிரல் ஒன்று வந்து, சி.எல்.ஏ. எனப்படும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தைக் காட்டி ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தச் சொன்னதா? பழைய மின்னஞ்சலில் தேடி எடுத்து வரி வரியாகப் படியுங்கள். இப்படிப்பட்ட பல ஒப்பந்தங்களில் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். ஆனால் அந்த நிரலை விரும்பிய லைசென்ஸில் மறுபடி வெளியிடும் அனுமதி கம்பெனிக்குப் போய்விடும். கம்பெனியின் நிரலை அப்படி வெளியிடும் சலுகை உங்களுக்குக் கிடையாது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். கம்பெனி சம்பாதிக்கட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் பாருங்கள். அங்கே சி.எல்.ஏ. கிடையாது. ‘இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு, இந்த லைசென்ஸிலேயே கொடுக்கிறேன்’ என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு பேட்சின் (திருத்தத்தின்) அடியிலும் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று பெயரோடு ஒரு வரி சேர்த்தால் போதும். பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் பரவிக் கிடப்பதால், ‘மாற்றி வெளியிட்டால் அதையும் இதே லைசென்ஸில் கொடு’ என்கிற ஜி.பி.எல். 2-ஐ விட்டு அதை யாராலும் நகர்த்த முடியவில்லை. இத்தனைக்கும் கெர்னலுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கம்பெனிச் சம்பளக்காரர்கள்.

சி.எல்.ஏ. இல்லாவிட்டாலும், ‘எடுத்து எப்படியும் பயன்படுத்திக்கொள்’ என்கிற பி.எஸ்.டி. போன்ற தளர்வான லைசென்ஸில் கொடுத்திருந்தால் இதே மாற்றம் நடக்கலாம். தகவல்களை வேகமாக எடுத்துத்தரும் ரெடிஸ் என்ற மென்பொருள் 2024 மார்ச்சில் அப்படித்தான் மாறியது. அதே மாதம் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ என்ற ஃபோர்க் (பழைய நிரலிலிருந்து பிரிந்து தனியாக வளரும் பிரதி) தொடங்கியது. 2025 மே மாதம் ரெடிஸ், ஏ.ஜி.பி.எல். என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸையும் சேர்த்துக்கொண்டு ஓப்பன் சோர்ஸுக்குத் திரும்பியது. தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் 2021-இல் ஓப்பன் சோர்ஸை விட்டுப் போய் 2024-இல் திரும்பியது. ‘நாங்கள் எழுதுகிறோம், கிளவுட் கம்பெனிகள் எடுத்து விற்கின்றன’ என்பது லைசென்ஸை மாற்றும் கம்பெனிகளின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வால்கீக்குத் தோள்கொடுத்தவர்கள் அதே கிளவுட் தொழில் நடத்தும் அமேசானும் கூகுளும் ஆரக்கிளும். இரண்டு பக்கமும் கம்பெனிகளே நின்று பேசும்போது, சம்பளமில்லாமல் எழுதியவரை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

இனி செய்ய வேண்டியது: மாற்றத்துக்கு முன் வந்த பதிப்புகள் பழைய லைசென்ஸிலேயே இருக்கும், அதை யாரும் பறிக்க முடியாது. உங்கள் திருத்தமும் அதில் இருக்கிறது. ஃபோர்க் இருந்தால் ‘கொ’ அங்கே சரியாகத் தேடப்படுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். அடுத்த பேட்சை அங்கே கொடுங்கள், அங்கும் ஒப்பந்தம் கேட்டால் படித்துவிட்டு.

கேள்வி: என் மகன் ராத்திரி இரண்டு மணி வரை இந்த இலவச வேலை பார்க்கிறான். வேறு யாரோ அதில் காசு பார்க்கிறார்கள். நிறுத்தச் சொல்லட்டுமா, அம்மா?
– ஒரு தாய், அல்சூர்

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள், தூங்கச் சொல்லுங்கள். அவர் வெளியிடும் கோடின் லைசென்ஸைப் பார்த்தால், எந்த உத்தரவாதமும் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக ராத்திரி பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. ‘வார இறுதியில் மட்டும் பார்ப்பேன்’ என்று ப்ராஜெக்ட் பக்கத்திலேயே போட்டுவிடலாம். அவர் எழுதியதை வெளியூர்ப் பொறியாளர்கள் படித்துக் குறை சொல்லித் திருத்துகிறார்கள் அல்லவா, அந்தப் பயிற்சி எந்த கோச்சிங் சென்டரிலும் கிடைக்காது.

கேள்வி: எங்கள் கம்பெனியின் மென்பொருளில் பாதிக்கு மேல் ஓப்பன் சோர்ஸ்தான். நியாயமாக நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– குழுத் தலைவர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: கேட்டதற்கே நன்றி. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத் தகவலைப் பூட்டி அனுப்ப உலகமே நம்பியிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லுக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். எக்ஸ்.இசட். என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியைச் சம்பளமில்லாமல் பராமரித்தவரை ‘ஏன் தாமதம்?’ என்று சிலர் நச்சரித்தார்கள். உதவ வந்தவர்போல் ஒருவர் உள்ளே நுழைந்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024-இல் ரகசியமாக உள்ளே புக ஒரு பின்வாசல் வைத்தார். சர்வருக்குள் லாக்-இன் ஆக அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார்.

முதலில் ஆள் நேரம் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் உங்கள் பொறியாளர் ஒருவர் அந்த ப்ராஜெக்டின் பிழைகளைப் பார்க்கட்டும். புது அம்சம் வேண்டும் என்று கேட்பதைவிட, தேங்கிக் கிடப்பதைத் தீர்த்துக்கொடுப்பது அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் முடிவெடுக்கும் இடத்தை உங்கள் ஆட்களால் நிரப்பாதீர்கள். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வழிநடத்தும் கோர் டீமில் ஒரே கம்பெனிக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நெடுநாள் வழக்கம். 2020-இல் ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கியதும் அந்தக் கணக்கு தப்பியது. அந்தக் கம்பெனிக்கு வெளியிலிருந்து இருவரைச் சேர்த்துச் சரிசெய்தார்கள்.

பணமும் கொடுங்கள். நம் ஊர் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024-இல் ஓப்பன் சோர்ஸுக்கு உதவ ஃபிளாஸ் ஃபண்ட் தொடங்கி, வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. உங்கள் அளவுக்கு அது முடியாது. அக்கவுன்ட்ஸில் ‘நன்கொடையா? இன்வாய்ஸ் எங்கே?’ என்று மடக்குவார்கள், ப்ராஜெக்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னரிடமோ இன்வாய்ஸ் புத்தகம் இருக்காது. அதனால் அவரிடம் ஒரு வருட ஆதரவுக் கட்டணம் என்று கேட்டுப் பேசி முடியுங்கள், அல்லது அவருடைய ப்ராஜெக்ட் ஏதாவது அறக்கட்டளையின் கீழ் இருந்தால் அதன் பெயரில் பில் வாங்குங்கள். மார்ச் நெருக்கடிக்கு முன்பே, பட்ஜெட் போடும்போதே அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.